பாம்புக் கூட்டின் கொக்கி

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. நான்கு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் உன் மேல் கோபம் வந்தது, நான்காம் தரம் அந்தக் கோபம் என் மேலேயே திரும்பிவிட்டது. கந்தளாயில் கரும்புக்காட்டுக்குள் நீ வெங்கிணாந்தி மலைப்பாம்பை உயிரோடு பிடித்துச் சாக்கில் போடுவதைப் பார்த்த அந்த மிருக டொக்டர் அம்மா, தெற்கே தான் வேலை செய்யும் மிருகத் தோட்டத்தில் பாம்புகளைப் பார்த்துக்கொள்ள உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த நீளப் பாம்புகள் மூன்றில் ஒன்று செத்துவிட்டது, மற்ற இரண்டும் தின்றதைக் கக்குகின்றன. அவர் காட்டிய படத்தைப் பார்த்த உடனே அவை நாங்கள் வளர்த்த சங்கிலியின் இனம் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில், "மாட்டேன் என்று சொல்லப்போகிறேன் அம்மா. ஒரு கொக்கியைப் போட மறந்து சங்கிலியைத் தொலைத்தவன் நான். என்னை நம்பி யாரும் பாம்பைத் தரக்கூடாது" என்று முடித்திருக்கிறாய். மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சங்கிலி உன்னால் தொலையவில்லை. அதை நான் கொடுத்தேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், என் கையால் கூட்டைத் திறந்து கொடுத்தேன். பதின்மூன்று வருஷமாக அந்தப் பழியை உன் தலையில் வைத்துவிட்டு, நான் சோறு சமைத்து உனக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எப்படி நடந்தது என்பதை முழுவதும் எழுதுகிறேன். வாசித்து முடித்த பிறகு நீ இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். எனக்கு வெட்கம் இல்லை என்று நினைக்காதே. வெட்கத்தை இத்தனை வருஷம் பூட்டி வைத்து எந்த நன்மையும் வரவில்லை.

நாங்கள் இருந்த லயின் அறைகள் உனக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரனின் கடற்படை போன பிறகு மிச்சமாய் நின்ற கட்டடம், அதில் துறைமுகக் கூலிகளை அடைத்து வைத்திருந்தார்கள். கப்பலில் வருகிற அரிசியும் கோதுமையும் நாட்டுக்குப் போனது, அந்தச் சரக்கோடு வந்த எலி மட்டும் எங்களோடு தங்கியது. ஆறு வயதில் உன் கால் பெருவிரலை எலி கடித்தது. சுகாதாரப் பகுதிக்கு நானே நடந்து போய் முறைப்பாடு சொன்னேன். அங்கே கதிரையில் இருந்தவர் என் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "பூனை ஒண்டு வளருங்கோவன்" என்றார். நூற்று இருபது அறைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வைத்த அரசாங்கத்தின் ஆள் அவர். அதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்தேன். அதனால் எதுவும் மாறவில்லை.

அந்த வாரமே உன் அப்பா சாக்குப் பொட்டணம் ஒன்றோடு வேலையால் வந்தார். புயலில் ஊர்க் கூரையெல்லாம் போய் மரத்துக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. கிழக்குத் தீவுகளிலிருந்து பெரிய மரக்குற்றிகள் ஏற்றிய கப்பல் ஒன்று வந்திருந்தது. ஒரு குற்றியின் பொந்துக்குள் இருந்து பாம்பு எட்டிப் பார்த்ததும், கங்காணி அலவாங்குக் கம்பியால் அடிக்கச் சொன்னாராம். அப்பா தன் சாக்கைப் போட்டு மூடிவிட்டார்.

"என்னப்பா இது?"

"வெங்கிணாந்திக் குட்டி. விஷமில்லை. எலி பிடிக்கும்."

"உங்களுக்கென்ன விசரே? பிள்ளை இருக்கிற வீடு."

"பிள்ளை இருக்கிறபடியாத்தான் கொண்டு வந்தனான். அந்தச் சுகாதாரக்காரன் பூனை வளக்கச் சொன்னவன்தானே. பூனைக்குப் பால் வாங்க வேணும். இதுக்கு எலி போதும்."

நான் திட்டி முடிப்பதற்குள் நீ சாக்குக்குள் தலையை விட்டுவிட்டாய்.

அப்போது நாங்கள் செய்த பிழையை நீ கவனமாக வாசி, ஏனென்றால் தெற்கே அந்தத் தோட்டத்தில் இப்போது அதே பிழைதான் நடக்கிறது. எங்களுக்குத் தெரிந்த பெரிய பாம்பு வெங்கிணாந்தி ஒன்றுதான். கந்தளாய்க் குளத்துப் பக்கத்திலும் தோப்பூர் வயல் ஓரத்திலும் நெல்லு மூட்டை போலச் சுருண்டு கிடக்குமே, அதுதான் எங்கள் அளவுகோல். இது அதன் பக்கத்தில் வைத்தால் பட்டினி கிடந்தது போல இருந்தது. கழுத்து மெலிவு, உடம்பு மெலிவு, தலை மட்டும் பெரிது. அப்பா இரண்டு நாளைக்கு ஒரு நேரம் மட்டும் சோறு கண்டு வளர்ந்த மனிதர். மெலிந்த எதைக் கண்டாலும் அவருக்குத் தாங்காது. "வயிறு ஒட்டிப்போய்க் கிடக்குது பாவம்" என்று பொறியில் விழுந்த எலியெல்லாம் அதற்கே போட்டார். ஒரு வாரத்தில் நான்கு எலி. நான் அதைத் தேயிலைப் பெட்டி ஒன்றில் போட்டு, மேலே பலகை வைத்துக் கல் ஏற்றினேன். தரையோடு கிடக்கிற பாம்புதானே, உயரம் எதற்கு என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் தின்றதெல்லாம் வெளியே வந்தது. லயின் முழுவதும் நாறியது. கக்கியதைக் கண்டு அப்பா இன்னும் பயந்து, இன்னும் ஒரு எலி போட்டார். அதையும் கக்கியது. தோல் சுருங்கி, கண் மங்கி, பெட்டியின் மூலையில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தது. நீ பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாய்.

அதைக் காப்பாற்றியவர் ஜுனூஸ் நானா. மலாய்க்காரர், அரிசிக் கிடங்குக்குக் காவல், எங்களுக்கு இரண்டு அறை தள்ளி இருந்தவர். மரம் ஏற்றிய அந்தக் கப்பல் மறுபடி வந்தபோது, அதன் சமையல்காரன் ஒருவனை நேரே எங்கள் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் பேசியது இவருடைய வீட்டு மொழிக்குக் கிட்ட இருந்தது. பெட்டியைத் திறந்து காட்டியதும் அந்த மனிதன் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ன சொல்றான் நானா?" என்று அப்பா கேட்டார்.

"இது உங்கட பாம்பில்லையாம். உங்கட பாம்பு மூட்டை, இது கயிறாம். கயிறு மெலிஞ்சு கிடக்குதெண்டு ஆரும் சோறு குடுக்கிறதில்லையாம்."

"அப்ப பசியில்லையோ இதுக்கு?"

"பசி உங்களுக்காம். பாம்புக்கு இல்லையாம். சாப்பாட்டால கொல்லுறீங்களாம் அதை."

அன்றைக்கு அந்தச் சமையல்காரன் பெட்டிப் பலகையில் கரியால் படம் போட்டுக் காட்டியதை நீ இன்றைக்கும் மறந்திருக்க மாட்டாய். இவை மரத்துக்கு மரம் தாவி வாழ்கிறவை என்றான். ஒரே குடும்பம், ஆனால் தீவுக்குத் தீவு வேறு சட்டை. பெரிய தீவில் மண்ணிறத்தில் வலை போட்டது போல வரி, அவன் பிறந்த சின்னத் தீவில் வரியே இல்லாத மங்கிய மஞ்சள், வடக்கே ஒரு தீவில் கண் சிவந்திருக்கும், மேற்கே கிராம்பு விளைகிற தீவுகளில் பொன்னிறம், தெற்கே வெள்ளைக்காரர் குடியேறிய பெரிய நாட்டில் எல்லாவற்றையும் விட நீளம். எங்கள் பாம்பு பெரிய தீவுக்காரி என்று தோலின் வலையைக் காட்டிச் சொன்னான். பிறகு அதைத் தூக்கி வாசல் வெயிலில் பிடித்தான். தம்பி, சேற்று நிறமாய்க் கிடந்த அந்த உடம்பில் ஊதா ஓடியதே! துறைமுகத் தண்ணீரில் டீசல் படர்ந்தால் ஒரு ஊதா வருமே, அதே ஊதா. நீ கையைத் தட்டிக்கொண்டு துள்ளினாய். முதுகில் இருந்த வரி நங்கூரச் சங்கிலி போல இருக்கிறது என்று சொல்லிச் "சங்கிலி" என்று பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அப்பா கப்பல் பெட்டிப் பலகையால் ஆளுயரக் கூடு அடித்தார். முன்னால் கம்பி வலை, உள்ளே குறுக்கே இரண்டு பூவரசங்கிளை, அடியில் பெரிய தண்ணீர்ப் பேசின். இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல் தண்ணீரோடு மட்டும் விட்டோம். பிறகு பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு சின்ன எலி. தின்ற பின் நான்கு நாள் யாரும் தொடக்கூடாது. கூட்டைத் திறந்ததும் கையை நீட்டினால் சாப்பாடு வருகிறது என்று பாயும், அதனால் முதலில் தடியால் கழுத்தை மெல்லத் தொட்டு, "இது நான்" என்று தெரியப்படுத்த வேண்டும். அப்பா ஒரு தரம் மறந்துபோய்க் கையை விட்டு, மணிக்கட்டில் பல் வரிசை வாங்கினார். "கங்காணி கடிக்கிறதை விட இது பரவாயில்லை" என்று சிரித்துக்கொண்டே மஞ்சள் வைத்துக் கட்டினார். நீ ஒரு நாளும் மறக்கவில்லை. பள்ளிக் கொப்பியின் பின்பக்கத்தில் தீவுகளை வரைந்து, தீவுக்கு ஒரு பாம்பு எழுதி, சங்கிலி எப்போது தின்றது, எப்போது தோல் கழற்றியது என்று குறித்து வைத்தாய். உன் கணக்கு வாத்தியார் அந்தக் கொப்பியைக் காட்டி உன்னை முட்டிக்காலில் நிறுத்தினார். நானும் உன்னைத்தான் ஏசினேன். அவரை ஏசியிருக்க வேண்டும்.

எட்டு வயதில் நீ அந்தக் கூட்டுக்கு முழுப் பொறுப்பு. காலமையில் தண்ணீர் மாற்றிவிட்டுக் கொக்கியைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாய். சங்கிலி அப்போது ஒன்றரைப் பாகத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்தால் வருவது ஒரு பாகம், அப்பாவின் கையால் அளந்தது.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். உன் அப்பா ஒன்பது வருஷம் தற்காலிகக் கூலி. விடியற்காலையில் வாசலில் போய் நிற்க வேண்டும், கங்காணி விரலை நீட்டுகிறவனுக்கு மட்டும் அன்றைக்கு வேலை நம்பர் கிடைக்கும், மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த வருஷம் கொஞ்சப் பேரை நிரந்தரமாக்கப் பட்டியல் போடுகிறார்கள் என்று கதை வந்தது. பட்டியலைப் போடுவது மேலே இருக்கிற துரைமார்தான், ஆனால் அவர்கள் பெயர் கேட்பது கங்காணியிடம். அந்த மனிதர் ஒரு நாள் காலையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் லயினுக்கு வந்தார். கூட்டின் முன்னால் நின்றார்.

"எத்தின பாகம்?"

"ஒண்டரைக்குக் கூட வரும் ஐயா."

"வெங்கிணாந்தி நெய் முழங்காலுக்கு நல்லமெண்டு வைத்தியர் சொன்னவர். இதில நல்லா இறங்கும்."

"இது வேற சாதி ஐயா. மெலிஞ்ச சாதி. நெய் இராது."

"பாம்பிலயும் சாதி பாக்கிறியோ?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உன்ர மனுசன் எத்தின வருசமா நம்பருக்கு நிக்கிறான்?"

"ஒன்பது."

"பத்தாவது வருசமும் நிக்க வேணுமோ எண்டு நீயே யோசி. நாளைக்கு ரெண்டு பேரை அனுப்பிறன்."

ஒரு மனிதனின் ஒன்பது வருஷ முதுகுக்குக் கிடைக்காத மதிப்பு ஒரு பாம்பின் கொழுப்புக்குக் கிடைத்தது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கொல்லத்தான் கேட்கிறார் என்பதும் தெரிந்தது. நான் ஒன்றும் அறியாமல் செய்தேன் என்று நீ எனக்குச் சாதகமாக நினைத்துக்கொள்ளாதே. அப்பாவிடம் சொன்னால் அந்த மனிதரின் கழுத்தைப் பிடிப்பார், பிறகு நம்பரும் இல்லை. அதனால் சொல்லவில்லை. அடுத்த நாள் அப்பா வேலைக்கும் நீ பள்ளிக்கும் போன பிறகு இரண்டு பேர் சாக்கோடு வந்தார்கள். நான் கூட்டைத் திறந்தேன். தடியால் கழுத்தைத் தொட்டேன். அது என்னை நம்பிப் பேசாமல் இருந்தது.

மத்தியானம் நீ வந்து வெறும் கூட்டைப் பார்த்தாய். என் முகத்தைப் பார்த்தாய். நான் அப்போது பொய் சொல்லவில்லை தம்பி, அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். ஒரு கேள்வி கேட்டேன்.

"காலமை தண்ணி வைச்சிட்டு நீ கொக்கியைப் போட்டனியோ?"

"போட்டனான் அம்மா."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

நீ யோசித்தாய். எட்டு வயதுப் பிள்ளையை யோசிக்கச் சொன்னால் அது தன்னில்தான் பிழை தேடும். உன் முகம் கொஞ்சம் கொஞ்சமாய் மாறுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "போட்டனான்" என்றவன், "போட்டனான் எண்டுதான் நினைக்கிறன்" என்றாய். பின்னேரம் அப்பா கேட்டபோது, "நான்தான் மறந்துபோனன்" என்றாய். உன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன். பதினொரு நாள் நீ வாய்க்கால், கக்கூஸ் பின்பக்கம், பூவரச மரம், உப்புவெளி வீதி வரைக்கும் தேடினாய். அப்பாவும் உன்னோடு தேடினார். நான் இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அப்பாவின் பெயர் பட்டியலில் வந்தது. அவர் இனிப்பு வாங்கி வந்து லயின் முழுக்கக் கொடுத்தார். தன் உழைப்பைக் கண்டு கொடுத்தார்கள் என்று நம்பினார். அந்த உழைப்பு அதற்குத் தகுதியானதுதான், அதனால் அந்த நம்பிக்கையை நான் உடைக்கவில்லை.

சங்கிலி செத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். உனக்குத் தெரியாத பாதி இனித்தான் இருக்கிறது. ஒரு மாதம் கழித்துக் குழாயடியில் ஜுனூஸ் நானா என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, கங்காணியிட தொட்டி வெறுந்தொட்டி" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். கங்காணி சாக்கை அவிழ்த்துப் பார்த்தபோது பாம்பில் கொழுப்பு இருக்கும் என்று தோன்றவில்லையாம். ஒரு மாதம் நன்றாகத் தீன் போட்டுக் கொழுக்க வைத்துப் பிறகு அறுப்பம் என்று, அரிசிக் கிடங்கின் பின்னால் இருந்த பழைய சீமெந்துத் தொட்டியில் விட்டாராம். நெஞ்சளவு உயரம், மேலே மூடி இல்லை. எங்கள் வெங்கிணாந்தி என்றால் தின்றுவிட்டு அடியில் கிடந்திருக்கும். அடுத்த நாள் காலையில் தொட்டிக்குள் பாம்பு இல்லை. நான் தேயிலைப் பெட்டியில் செய்த பிழையை அந்த மனிதர் தொட்டியில் செய்தார். கயிறு எழுந்து நின்று சுவரைத் தாண்டிவிட்டது. கங்காணி வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. "எங்க போயிருக்கும் நானா?" என்று கேட்டேன். அவர் கையை மேலே காட்டினார். கிடங்கின் கூரை.

நான் நம்பவில்லை. சாக்குகள்தான் என்னை நம்ப வைத்தன. அந்தக் கிடங்கில் நான் சாக்குத் தைக்கிறவள் என்பது உனக்குத் தெரியும். எலி கடித்த சாக்கின் ஓட்டையை நூல் போட்டு அடைப்பது எங்கள் எட்டுப் பெண்களின் வேலை, தைத்த சாக்குக்குத்தான் கூலி. எந்த வரிசையில் எத்தனை ஓட்டை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அந்த வருஷம் மேற்குச் சுவர் ஓர வரிசையில் ஓட்டை குறைந்தது. பிறகு நடு வரிசையில். கமலா அக்கா ஊசியைக் கொண்டையில் குத்திக்கொண்டு ஏசினாள்: "இந்த எலியளுக்கு என்ன வந்தது? எங்கட வயித்திலயெல்லோ அடிக்குதுகள்!" எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாம்பு உயிரோடு இருந்தது. அது தின்றது எலியை மட்டுமல்ல, எங்கள் கூலியையும்தான். எட்டுப் பேரை நான்காகக் குறைத்தார்கள். எனக்குக் கூலி குறைந்தது நியாயம், கமலா அக்காவுக்கு வேலையே போனது அநியாயம். எலி குறைந்து மிஞ்சிய அரிசியில் ஒரு கொத்து அளவுகூட அவளுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளை மாவுக் கிடங்கில் சேர்க்க நான் மூன்று மாதம் அலைந்தேன். ஏன் இவ்வளவு பாடுபடுகிறாய் என்று அவளே கேட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து கிடங்கின் கூரை வளையில் தொங்கிய முழுப் பாம்புச் சட்டையை ஜுனூஸ் நானா கம்பால் எடுத்துத் தந்தார். சாக்கு நூலால் அளந்தேன். இரண்டரைப் பாகம். கழற்றிய தோல் பாம்பைவிட நீளமாய் இழுபடும் என்று நீ கொப்பியில் எழுதியிருந்தாய், அதனால் கொஞ்சம் கழித்துக்கொண்டேன். கழித்தாலும் வளர்ந்திருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியின் அடித்தட்டில், என் கூறைச் சீலைக்குள் சுற்றி வைத்தேன். உனக்குச் சொல்ல வாய் வந்தது. உனக்குப் பத்து வயது, நீ நேரே கிடங்குக்கு ஓடுவாய், கங்காணிக்குத் தெரிந்தால் மறுபடி சாக்கு வரும், அப்பாவின் வேலை போகும் என்று காரணம் வைத்திருந்தேன். பிறகு கங்காணி வேலையிலிருந்து இளைப்பாறிப் போனார், அந்தக் காரணமும் போனது. அதன் பிறகும் சொல்லவில்லை. அப்போது இருந்தது பயம் மட்டும்தான். நீ மறந்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ வீட்டுக் கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குசினி அடுப்பை அணைத்துவிட்டு, வீதி வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்ப்பாய். பிள்ளை பொறுப்பானவன் என்று அயலட்டைச் சனம் சொன்னது. நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

இதுவரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குச் சொல்லாமல் உனக்குச் சொன்னால் அது இன்னொரு களவு. கதிரையில் இருந்து கேட்டார். பிறகு, "அப்ப நான் பாம்பு குடுத்து வேலை வாங்கின ஆளோ?" என்றார். நான் ஓம் என்றேன். எழும்பி அலுமாரியைத் திறந்து சீலையை அவிழ்த்தார். தோலைத் தரையில் விரித்து, தன் இரண்டு கையையும் நீட்டி நீட்டி அளந்தார். அளந்து முடித்து, "பெரிசா வந்திட்டாள்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவனுக்கு உடன அனுப்பு. நானும் நீயும் கோவிக்கிறதைப் பிறகு பாப்பம்." அப்போதிலிருந்து என்னோடு அளந்துதான் கதைக்கிறார். அது எனக்கு உரியது.

உனக்கும் கோபம் வரும். வரட்டும், அதை அடக்காதே. ஆனால் என் மேல் உள்ள கோபத்தில் அந்த இரண்டு பாம்பைச் சாக விடாதே. அங்கே அவற்றைக் கொல்வது கெட்ட மனிதர்கள் இல்லை. அப்பாவைப் போல, மெலிவைக் கண்டு இரங்குகிறவர்கள். உள்ளூர்ப் பாம்பின் அளவால் அளக்கிறார்கள். உயரமான கூடு, குறுக்குக் கிளை, தண்ணீர், குறைந்த தீன், தின்ற பின் தொடாமை. இதைச் சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருந்தது. எந்தத் தீவுக்காரி என்று முதலில் தோலைப் பார்த்துக்கொள். உன் தமிழ்ப் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களும் அங்கே இருப்பார்கள். இந்தக் காலத்தில் அதை உனக்கு நான் மறைக்கப்போவதில்லை. அவர்களுக்கும் ஒரே அளவுகோல்தான் தெரியும். உன் வேலையைச் செய், அவர்களுடைய மொழியைப் படி, உன்னுடையதை விடாதே. அந்த டொக்டர் அம்மா உன் பெயரைக் கேட்ட பிறகும் கூப்பிட்டிருக்கிறார் என்பதை நினைவில் வை. யாராவது உன்னிடம் ஒரு உயிரைக் கொடுத்தால் வேலை தருகிறேன் என்றால், ஒன்பது வருஷம் என்ன, தொண்ணூறு வருஷம் வாசலில் நில். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அது தன்னைத் தானே குற்றவாளி ஆக்கிக்கொள்ளும்படி ஒரு கேள்வியையும் கேட்காதே. அறைந்தால்கூட ஒரு நாளில் மறந்துவிடும்.

சங்கிலி இன்னும் இருக்கிறதா என்று கேட்பாய். தெரியாது. கடைசிச் சட்டை கிடைத்தது மூன்று வருஷத்துக்கு முன். ஜுனூஸ் நானா இளைப்பாறிய பிறகு மேலே பார்க்க ஆள் இல்லை. ஆனால் கிடங்குகள் எல்லாவற்றிலும் ஓட்டை குறைந்த சாக்கு வருவது இன்றைக்கும் அந்தக் கிடங்கிலிருந்துதான். போவதற்கு முன் இங்கே வந்து தோலை எடுத்துக்கொண்டு போ. அப்பா உனக்காகக் கடைத்தெருவில் பித்தளைக் கொக்கி இரண்டு வாங்கி வந்திருக்கிறார். அங்கே கூடுகள் பழசாக இருக்கும் என்று அவர் நினைக்கிறார்.

ஒன்று மட்டும் மிச்சம். சாக்கோடு வந்த இரண்டு பேரும் அன்றைக்கு என் பின்னால் அவசரப்படுத்திக்கொண்டு நின்றார்கள், ஆனால் கூடு திறபடவில்லை. நீ கொக்கியைப் போட்டிருந்தாய். போட்டது மட்டுமல்ல, அதன் மேல் ஒரு துண்டுக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடித்துவிட்டிருந்தாய். அவர்களில் ஒருவன், "இதை ஆர் இப்பிடி இறுக்கினது?" என்று கேட்டுச் சிரித்தான். அதை அவிழ்க்க எனக்கு வெகு நேரம் எடுத்தது. நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. அந்த விரல் நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது, சின்னனில் நீ அதைப் பிடித்துக்கொண்டு ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறாய்.

நீ கொக்கியைப் போட்டனீ. போய் அந்த வேலையை எடு.

அம்மா